மூன்று முறை தைத்த நூடி ஜீன்ஸ்

போன வியாழக்கிழமை என் ஜீன்ஸை மூன்றாவது முறையாகத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். சுவீடனில் கோதன்பர்க் நகரத்தின் நடுப்பகுதியில், வால்கத்தான் தெருவில் நூடி ஜீன்ஸ் கடை இருக்கிறது. பழைய ஜீன்ஸோடு போனால் கடைக்காரர் அதை மேசையில் விரித்து, உள்பக்கத்தைத் திருப்பி, எங்கெல்லாம் துணி நைந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கிறார். பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொள்கிறார். காசு கேட்பதில்லை. அவர்கள் கம்பெனி ஜீன்ஸாக இருந்தால் போதும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் இலவசமாகத் தைத்துத் தருகிறார்கள்.

இதை வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. அன்றைக்கு ஏறக்குறைய 1,500 குரோனா கொடுத்தேன். நம் காசில் 12,000 ரூபாய்க்கு மேல். ஒரு பேன்ட்டுக்கு இவ்வளவு கொடுப்பது எனக்குச் சாதாரண விஷயம் இல்லை. அந்தக் காசுக்கு என்ன கிடைத்தது, ‘சுற்றுச்சூழலுக்கு நல்லது’ என்று அவர்கள் சொல்வதில் எவ்வளவு நிஜம் என்பதை ஐந்து வருடம் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது திருப்பூரில். அப்பா முப்பது வருடம் அங்கே சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவர். துணிக்கடைக்காரர்கள் சுற்றுச்சூழல் என்று பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் காது கொஞ்சம் கூர்மையாகிவிடும்.

இதற்கு முன்னால் வேறொரு பெரிய கடையில் 400 குரோனாவுக்கு ஒரு ஸ்ட்ரெச் ஜீன்ஸ் வாங்கியிருந்தேன். எட்டே மாதத்தில் கவட்டைப் பக்கம் கிழிந்தது. எனக்குத் தினமும் சைக்கிள்தான். ஸ்டென்பீரன் துறைவரை மிதித்து, அங்கிருந்து இலவசப் படகில் சைக்கிளோடு ஆற்றைத் தாண்டி, லிண்ட்ஹோல்மனில் ஆபீஸ். சீட்டில் உரசி உரசி எந்த பேன்ட்டும் அந்த இடத்தில்தான் முதலில் போகும். கிழிந்ததை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். தைக்கும் வசதி இல்லை, வேண்டுமானால் ஓரமாக இருக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள், மறுசுழற்சிக்குப் போய்விடும் என்றார்கள். எட்டு மாதத் துணியை அந்தப் பெட்டிக்குள் போட்டபோது மனசு கேட்கவில்லை. அதன்பின் ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லித்தான் நூடி பக்கம் போனேன். இந்த ஊர்க் கம்பெனிதான். லீ ஜீன்ஸில் வேலை பார்த்த மரியா எரிக்சன் 2001-இல் தொடங்கியது.

சரி, அந்தத் தையலைப் பற்றிச் சொல்கிறேன். என் கணக்கில் இந்தக் கம்பெனியின் சுற்றுச்சூழல் வேலை முழுவதும் அந்த ஊசிமுனையில்தான் இருக்கிறது.

முதல் கிழிசல் இரண்டாவது வருடம் வந்தது. கிழிசல் என்றுகூடச் சொல்ல முடியாது. நெடுக்கே ஓடும் நீலப் பாவு நூல்கள் தேய்ந்து போய், வெள்ளை ஊடை நூல்கள் மட்டும் ஏணிப்படி மாதிரி குறுக்கே நின்றன. முழுசாகக் கிழிவதற்கு முன்பே கொண்டுவந்தது நல்லது என்று கடையில் சொன்னார்கள். உள்பக்கம் ஒரு ஒட்டுத்துணியை வைத்து, மேலே ஊசியை முன்னும் பின்னுமாக நெருக்கமாக ஓட்டுகிறார்கள். நம் ஊரில் டார்னிங் கடையில் கையால் செய்வதை இங்கே மெஷினில் செய்கிறார்கள். நூல் நிறத்தை என் ஜீன்ஸின் வெளுத்த நீலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். தையல் பாவு நூல் போகும் திசையிலேயே போனதால், தள்ளி நின்று பார்த்தால் தைத்த இடமே தெரியவில்லை. கிட்டே வந்து பார்த்தால் கொஞ்சம் தடிப்பாக, மழையில் நனைந்து காய்ந்த அட்டை மாதிரி ஒரு சொரசொரப்பு இருக்கும். நாலைந்து நாள் போட்டதும் அதுவும் பழகிவிட்டது.

அந்த ஒட்டுத்துணி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அது யாரோ திருப்பிக் கொடுத்த பழைய நூடி ஜீன்ஸ். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் புதிதாக வாங்குவதில் 20 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். வந்தவற்றில் நன்றாக இருப்பதைத் துவைத்து, தைத்து, மறுபடியும் விற்கிறார்கள். தேறாதவை மற்ற ஜீன்ஸ்களுக்கு ஒட்டாகப் போகின்றன. என் கவட்டையில் இருக்கும் துணியை எனக்கு முன்னால் ஒருவர் எத்தனையோ வருடம் போட்டிருக்கிறார் என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. வீட்டில் பாட்டி கிழிந்த வேட்டியைக் கிழித்துத் தலையணை உறை தைப்பார். அந்தப் பழக்கத்தை ஒரு கடை தன் தொழிலாகவே வைத்திருக்கிறது.

தைக்கக் கொடுக்கும்போது துவைத்துத்தான் கொடுக்க வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள், இல்லையென்றால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஒரு வருடத்தில் இப்படி 60,000-க்கும் மேற்பட்ட ஜீன்ஸ்களைத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். புதிது வாங்கிவிடக்கூடிய 60,000 பேர் பழையதையே போட்டுக்கொண்டு போனார்கள் என்று இதைப் பார்க்கலாம். எல்லாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்தான். ஆனால் தைத்த ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்ச காலம் யாரோ ஒருவர் உடம்பில் இருக்கிறது. இது ஏன் முக்கியம் என்பதற்கு வேறொரு கம்பெனி போட்ட கணக்கு உதவும். லீவைஸ் தன்னுடைய 501 ஜீன்ஸ் ஒன்றின் முழு ஆயுளையும் கணக்கெடுத்து 2015-இல் வெளியிட்டது. பருத்தி விதைப்பதில் தொடங்கி, தூக்கிப் போடும்வரை ஒரு ஜீன்ஸுக்கு 3,781 லிட்டர் தண்ணீர். அதில் 68 சதவீதம் பருத்திக் காட்டிலேயே போய்விடுகிறது. 23 சதவீதம் நாம் வீட்டில் துவைப்பதில். சாயம், சலவை, தையல் எல்லாம் மிச்சத்துக்குள்தான் வருகின்றன. கரியமில வாயு 33.4 கிலோ.

அந்தக் கணக்கைப் படித்தபின் எனக்குப் புரிந்தது இதுதான். தண்ணீரின் பெரும்பகுதி ஜீன்ஸ் கடைக்கு வரும் முன்பே செலவாகிவிட்டது. அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. இரண்டு வருடம் போட்டால் அந்த ஏறக்குறைய 2,900 லிட்டரை இரண்டால் வகுக்கலாம், எட்டு வருடம் போட்டால் எட்டால் வகுக்கலாம். ‘தண்ணீரைச் சேமிக்கும் புதிய சலவை முறை’ என்று ஜொலிக்கும் சீட்டைத் தொங்கவிட்டிருக்கும் ஜீன்ஸ் இரண்டாவது வருடம் குப்பைக்குப் போனால், அந்தச் சேமிப்பு எங்கே போய் நிற்கும்?

துவைப்பதற்கு வருவோம். நான் வாங்கியது சலவையே செய்யாத ‘டிரை’ ஜீன்ஸ். விறைப்பாக, கத்தரிப்பூ கலந்த கருநீலத்தில் இருக்கும். முதல் ஆறு மாதம் துவைக்காமல் போடுங்கள் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நான் ஐந்து மாதம் தாக்குப்பிடித்தேன். இங்கே குளிர்நாட்டில் அது முடிகிறது. இரவில் பால்கனியில் தொங்கவிட்டால் காலையில் வாடை போய்விடும். திருப்பூர் வெயிலில், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு இந்த அறிவுரை ஆகாது. ஆனாலும் வாரம் ஒருமுறை என்பதை மாதம் ஒருமுறை ஆக்கினாலே பெரிய வித்தியாசம். அவ்வளவு துவைக்க வேண்டிய துணியே இல்லை இது.

டிரை ஜீன்ஸ் வாங்குவதில் இன்னொரு நல்லதும் இருக்கிறது. கடையில் புதிதாகத் தொங்கும்போதே தொடையில் வெளுத்து, முட்டியில் மடிப்பு விழுந்து, பத்து வருடம் போட்டது மாதிரி இருக்கும் ஜீன்ஸைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெளுப்பை யாரோ ஒரு தொழிலாளி கையால் உண்டாக்குகிறார். நுரைக்கல்லைப் போட்டு உருட்டுவது, பெர்மாங்கனேட் என்ற ரசாயனத்தை அடிப்பது, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது என்று பல வழி. மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்து வெளுக்கவைக்கும் முறை ஒன்று இருந்தது. அந்தத் தூசி நுரையீரலில் படிந்து துருக்கியில் இளைஞர்கள் பலர் சிலிக்கோசிஸ் வந்து செத்தார்கள். 2009-இல் அந்த நாடு அதைத் தடை செய்தது. பழசாகத் தெரியும் ஒரு புது பேன்ட்டுக்காக மனித உயிர் போயிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. டிரை ஜீன்ஸில் அந்த வெளுப்பை உண்டாக்குவது நான்தான், நடந்தும் உட்கார்ந்தும். என் இடது தொடையில் போன் வைத்த இடம் நீள்சதுரமாக வெளுத்திருக்கிறது. யாருக்கும் கேடு இல்லாமல் வந்த வெளுப்பு.

நூடியும் சலவை செய்து வெளுத்த ஜீன்ஸ்களை விற்கத்தான் செய்கிறது. கடையில் பாதி அலமாரி அப்படித்தான். இருக்கும் இரண்டில் டிரையை எடுப்பது வாங்குபவர் கையில் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜூன் மாதம் அப்பா இங்கே வந்திருந்தார். ஊர் சுற்றிக் காட்டும்போது இந்தக் கடைக்கும் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு டிரை ஜீன்ஸின் கால் மடிப்பைப் புரட்டி, ஓரத்தில் துருத்தியிருந்த ஒரு நூலை நகத்தால் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உள்ளுக்குள்ள வெள்ளையாத்தான் இருக்குது பாரு கண்ணு. மேலாப்புல மட்டும் புடிச்சிருக்குது.”

“சாயம் சரியா ஏறலையாப்பா?”

“அப்படியில்ல. இது அவுரி நீலம். இப்படித்தான் இருக்கோணும். உள்வரைக்கும் ஏறுச்சுன்னா வெளுக்காதே.”

அப்புறம் தெருவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. ஹைட்ரோ, காஸ்டிக் என்ற ரசாயனங்களைப் போட்டுத்தான் அதைக் கரைய வைக்க வேண்டும். அந்தத் தொட்டியில் நீலமே தெரியாது, மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். பாவு நூலைக் கயிறாகத் திரட்டி அதில் முக்கி எடுத்தால் நூலும் பச்சையாகத்தான் வெளியே வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். மறுபடி முக்கி, மறுபடி காற்றில் காட்டி, ஆறு முறை, எட்டு முறை. ஒவ்வொரு முறையும் மேலே ஒரு படிவு ஏறும், நடு நூல் வெள்ளையாகவே நிற்கும். ஜீன்ஸ் தேய்ந்து வெளுப்பதும், தேய்ந்த இடத்தில் வெள்ளை தெரிவதும் அதனால்தான்.

அவர் வேலை செய்தது பனியன் துணிச் சாயத்தில். அது வேறு ரகம். அதற்கு உப்பு வேண்டும். அடர்த்தியான நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் உப்பு. சாயம் துணியில் ஏறிவிடும், உப்பு அப்படியே தண்ணீரோடு போகும். எங்கே போகும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நொய்யல் ஆற்றுக்குப் போனது. 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி நின்றது. கிணறுகள் உப்பாகின. கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பிறகு திறந்தார்கள். அந்த மாதங்களில் அப்பா வீட்டில் இருந்தார். சம்பளம் இல்லாமல் பட்ட கஷ்டத்தை அவர் எப்போதாவதுதான் சொல்வார். ஆனால் தீர்ப்பு தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அதனால் அவர் கடைக்காரப் பெண்ணிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று, நான் மொழிபெயர்த்தேன். சாயம் போட்ட தண்ணீர் எங்கே போகிறது? அந்தப் பெண் அதை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜீன்ஸ் தைப்பது இத்தாலியிலும் துனீசியாவிலும், துணி நெய்து சாயம் போடுவது இத்தாலி, துருக்கி, ஜப்பான் ஆலைகளில் என்று சொல்லி, ஆண்டுதோறும் அவர்கள் வெளியிடும் அறிக்கையைத் திரையில் காட்டினார். எந்த ஆலை, எந்த ஊர் என்று பெயர் போட்டு இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஆலையின் பெயரைச் சொன்னால்தான் அந்த ஊர்க்காரன் வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க முடியும். எங்கள் ஊரில் தைத்துப் போன பனியன்களில் எத்தனை கம்பெனிகள் அப்படி எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டன?

பருத்தியைப் பற்றி அவர்கள் நிறையச் சொல்கிறார்கள். 2012-இலேயே ஜீன்ஸில் போடும் பருத்தி முழுவதையும் இயற்கை விவசாயப் பருத்தியாக மாற்றிவிட்டார்கள். ரசாயனப் பூச்சி மருந்தும் ரசாயன உரமும் இல்லாமல் விளைந்தது. மருந்தடிக்கும் கூலியாட்களை நினைத்தால் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் இயற்கைப் பருத்தியும் தண்ணீர் குடித்துத்தான் வளர்கிறது. அதை வைத்து ‘பூமிக்கு நல்ல ஜீன்ஸ்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது. நூடியின் பல மாடல்களில் ஒன்று, இரண்டு சதவீதம் எலாஸ்டேன் என்ற இழுபடும் செயற்கை இழை கலந்திருக்கிறது. உடம்போடு ஒட்டி இழுத்துக் கொடுக்கிறது, போட வசதிதான். ஆனால் இழுவை நூல் சீக்கிரம் தளரும். பழைய துணியைப் பிய்த்து மறுபடி பஞ்சாக்கும்போதும் அது தொந்தரவு. பிய்த்தெடுத்த பஞ்சு ஏற்கெனவே குட்டையாக இருக்கும், புதுப் பஞ்சு கலக்காமல் உறுதியான நூல் நூற்க முடியாது, அதில் ரப்பர் மாதிரி இழையும் சேர்ந்தால் இன்னும் சிரமம். ஆயுளுக்கும் தைத்துத் தருகிறேன் என்கிற கம்பெனி முழுப் பருத்தியில் மட்டும் நின்றிருக்கலாம். வாங்குகிறவர்கள் உள்ளே தைத்திருக்கும் துண்டில் ‘100 சதவீதம் பருத்தி’ என்று இருக்கிறதா பார்த்து எடுங்கள். 20 சதவீதத் தள்ளுபடி விஷயத்திலும் எனக்கு ஒரு நெருடல். பழையதைக் கொடுத்தால் புதியது மலிவு என்பது, இன்னும் ஒரு வருடம் போடக்கூடியதைக் கொடுத்துவிடத் தூண்டும். இங்கே நண்பர் ஒருவர் அப்படித்தான் கொடுத்தார்.

திருப்பூரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நூடியின் டீ-ஷர்ட்டுகள் பல எங்கள் ஊர் ஆலை ஒன்றில் தைக்கப்பட்டவை. தொழிலாளர் நிலையைக் கண்காணிக்கும் ஃபேர் வேர் அமைப்பில் 2009-இலேயே சேர்ந்த கம்பெனி இது. அங்கே வாங்கும் கூலிக்கும் குடும்பம் கௌரவமாக வாழத் தேவையான கூலிக்கும் உள்ள இடைவெளியில், தன் பங்கை ஆலைத் தொழிலாளர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தது. பங்கு என்றால், ஆலை தைப்பதில் பத்தில் ஒன்று இவர்கள் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இடைவெளியிலும் பத்தில் ஒன்றுதான் இவர்கள் கொடுப்பது. மிச்ச ஒன்பது பங்குக்காரர்கள் கொடுக்காவிட்டால் தொழிலாளி கைக்கு வருவது கொஞ்சம்தான். இதைச் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “குடுக்கோணும்னு ஒருத்தனுக்காவது தோணுச்சே” என்றார். நான் அவரளவு சமாதானம் ஆகவில்லை. கணக்கு சரியானது, தொகை போதாது.

யாருக்கு இது சரிவரும் என்று கேட்டால், இவர்கள் கடை இருக்கிற ஊரில் வாழ்கிறவர்களுக்கு. லண்டனில் சோஹோ பகுதியில் பெர்விக் தெருவிலும் ஒரு கடை உண்டு. கடை பக்கத்தில் இல்லாமல் இந்த விலை கொடுத்து வாங்கினால் பாதிப் பலன்தான், ஏனென்றால் நீங்கள் காசு கொடுப்பதே அந்தத் தையலுக்கும் சேர்த்துத்தான். முதல்முறை வாங்குகிறவர்கள் நேராகப் பழைய ஜீன்ஸ் அலமாரிக்குப் போங்கள். விலை கணிசமாகக் குறைவு, விறைப்பு போய் மெதுவாகியிருக்கும், புதிதாகப் பருத்தியும் செலவில்லை. அந்த ஜீன்ஸ் கிழிந்தாலும் இதே மாதிரி இலவசமாகத் தைத்துத் தருவார்கள். நான் அன்றைக்கு அதைத்தான் எடுத்திருக்க வேண்டும், என் இடுப்பளவில் இருக்கவில்லை. இரண்டாவது ஜீன்ஸ் அந்த அலமாரியிலிருந்து வாங்கியதுதான். முன்னால் போட்டவர் எதையோ வலது பின்பாக்கெட்டில் வைத்திருந்திருக்கிறார், வட்டமாக ஒரு தடம் இருக்கிறது.

அப்பா அன்று கடையை விட்டு உடனே கிளம்பவில்லை. தையல் மெஷின் பக்கத்தில் நின்று, ஒரு முட்டிக் கிழிசல் அடைபடுவதை முழுசாகப் பார்த்தார். தைத்துக்கொண்டிருந்த பையன் முடித்ததும் துணியை அவர் கையில் கொடுத்தான். அவர் உள்பக்கம் திருப்பி, ஒட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

இந்த முறை வலது முட்டி. சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி மெசேஜ் வந்துவிட்டது. அப்பாவிடம் போனில் சொன்னேன். தைத்த இடத்தை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.